அந்த '27 சதவீதம்' பெற்றோரை மட்டும் பற்றியதல்ல

"மனநல ஆலோசகர்களின் பேச்சைக் கேட்டு அமெரிக்கர்களில் 27 சதவீதம் பேர் பெற்றோரை உதறிவிட்டார்கள்" என்று சொல்லப்படுவது தவறு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் கார்ல் பில்லிமர் 2020-இல் வெளியிட்ட அந்தக் கணக்கு, ஏதாவது ஓர் உறவினரோடு பேச்சு அற்றுப்போனவர்களைப் பற்றியது. அண்ணன், தம்பி, மாமா, அத்தை எல்லாரும் அதில் அடக்கம். பெற்றோர்-பிள்ளை முறிவு சுமார் 10 சதவீதம்தான். அவர் சொல்லும் காரணங்களில் சொத்துத் தகராறும் மணமுறிவும் மாமியார் வீட்டுச் சச்சரவும் உண்டு (நமக்குப் புதிதா என்ன!). ஒரே முறை எடுத்த கணக்கை வைத்து "முன்பைவிடக் கூடிவிட்டது" என்றும் சொல்ல முடியாது.

சிகிச்சை மொழிக்கு, அதாவது மனநல ஆலோசனையிலிருந்து அன்றாடப் பேச்சுக்கு வந்த சொற்களுக்கு, இந்த முறிவுகளில் பங்கே இல்லை என்று நான் வாதாடவில்லை. முன்பு 'முன்கோபி' என்று விட்டுவிட்ட அப்பா இன்று 'நச்சு மனிதர்' ஆகிவிடுகிறார். குடும்ப முறிவுகளைப் பற்றி எழுதிவரும் உளவியலாளர் ஜோஷுவா கோல்மனே இந்தப் போக்கைக் குறை கூறியிருக்கிறார். ஆனால் தாயைப் பிரிந்தவர்களில் 81 சதவீதம் பேர் பிறகு மீண்டும் சேர்ந்துவிட்டதாக 2022-இல் வெளியான சமூகவியலாளர் ரின் ரெசெக் குழுவின் ஆய்வு காட்டுகிறது.