குப்பை அவர்களுடையது, கெட்ட பெயர் நமக்கா?

நேற்றும் வீடியோ கூட்டத்தில் அதே கேள்வி. "உங்கள் பக்கம் இணையம் ஒழுங்காக இருக்குமா?" கேட்டவர் லண்டனில் இருக்கிறார். விட்டுவிட்டு வந்தது அவர் குரல்தான். மலேசியாவில், எங்கள் பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972-லேயே இன்டெல் தொழிற்சாலை வந்துவிட்டது. அரை நூற்றாண்டாக உலகத்துக்கு சிப் பொருத்தி, சோதித்து அனுப்பும் பினாங்குக்காரர்களிடம் கேட்கிற கேள்வியா இது?

அப்புறம், "அட, ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறீர்களே!" ஏன் பேசமாட்டோம்? 1786-ல் இங்கே கொடி நட்ட வெள்ளைக்காரர்கள் 1957-ல்தானே போனார்கள்?

சரி, அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வயிறு எரிவது குப்பை விஷயத்தில்தான். ஆசியாக்காரர்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறையே கிடையாதாம், கடலைக் கெடுப்பது நாம்தானாம். 2018-ல் வெளிநாட்டு பிளாஸ்டிக் குப்பைக்குச் சீனா கதவைச் சாத்தியதும் மேற்கத்திய பிளாஸ்டிக் எல்லாம் எங்கே வந்து இறங்கியது? கிள்ளானிலும் பினாங்கிலும்தானே? சிலாங்கூரில் உள்ள ஜெஞ்சாரோம் என்ற ஊரில் அதை இரவில் எரித்தார்கள். ஜன்னலைச் சாத்தினாலும் நாற்றம் உள்ளே வந்தது, குழந்தைகள் இருமிக்கொண்டே கிடந்தார்கள். (காசுக்காக அதை வாங்கி எரித்த நம் ஊர் ஆட்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.) 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்பினோம். அதில் அதிகம் போனது பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும்.

அங்கே தின்றுவிட்டுப் போட்ட பாக்கெட் இங்கே எரிகிறது, புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது. இத்தனைக்குப் பிறகும் "வளரும் நாடுகளில் இதெல்லாம் சகஜம்" என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? யார் வீட்டுக் குப்பை அது?