இருட்டு இல்லாத துயரம்

கிறிஸ்தவ ஓவியங்களில் துயரம் என்று பேச்செடுத்தாலே இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோவைத்தான் கொண்டுவந்து நிறுத்துகிறோம். முக்கால்வாசிப் படம் கும்மிருட்டு; எங்கிருந்தோ சாய்வாக விழும் வெளிச்சத்தில் ஒரு தோள், சுருக்கம் விழுந்த ஒரு நெற்றி. எனக்கும் பிடிக்கும். ஆனால் போகப் போக ஒரு சந்தேகம்: நாம் கலங்குவது அந்த முகத்தைப் பார்த்தா, இருட்டைப் பார்த்தா? மேடையில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒருவர்மேல் மட்டும் வெளிச்சம் அடித்தால், அவர் கொட்டாவி விட்டாலும் நமக்கு ஏதோ செய்யும்.

சந்தேகத்தைக் கிளப்பியது காரவாஜ்ஜோவுக்கு நூற்றைம்பது ஆண்டுக்கும் முந்தைய படம். ரோஹியர் வான் டெர் வெய்டன் 1435 வாக்கில் வரைந்த ‘சிலுவையிலிருந்து இறக்குதல்’. இப்போது ஸ்பெயின் தலைநகர் மத்ரித்தின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் லூவன் நகரத்துக் குறுக்குவில் வீரர்களின் சங்கம் தங்கள் சிற்றாலயத்துக்காக வரையச் சொன்னது. மேல் மூலைகளில் பொடிப்பொடியாய் வில்களைத் தொங்கவிட்டிருக்கிறார். காசு கொடுத்தவர்களை மறக்காத மனுஷன்!

இதில் வானம் இல்லை, மலை இல்லை. பின்னால் வெறும் தங்கச் சுவர். ஆழமில்லாத அலமாரிக்குள் நெருக்கி நிறுத்தியதுபோலப் பத்துப் பேர். எல்லார் முகமும் பளிச்சென்று தெரிகிறது. மறைந்து அழ ஒரு நிழல்கூடக் கிடையாது. மகனின் உடல் எப்படி வளைந்து இறங்குகிறதோ, அதே வளைவில் நீல உடையில் தாயும் சரிகிறாள். முகம் வெளிறிப்போய், இருவரில் யார் பிணம் என்று கேட்கத் தோன்றும்.

யோவான் நற்செய்தியில் தாய் சிலுவையருகே நின்றதாகத்தான் இருக்கிறது. மயங்கி விழுந்ததாகக் காட்டுவது சரியல்ல என்று கயத்தான் என்ற இறையியலாளர் 1506இல் வாதிட்டார். வசனப்படி அவர் பேச்சு நியாயம்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஒரு தரம் போய்வந்தவர் யாரும் ரோஹியரிடம் வழக்குக்குப் போக மாட்டார்கள்.

பிராடோவின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கி, இடது ஓரத்துக்குப் போங்கள். முக்காட்டுத் துணியால் கண்ணைப் பொத்திக்கொண்டு அழும் பெண். கண்ணே தெரியாது. துணிக்குக் கீழே கன்னத்தில் இறங்கும் துளிகள் மட்டும். ஒவ்வொன்றிலும் தூரிகை நுனியால் வைத்த ஒரு மினுக்கு.