நாட்காட்டியிலிருந்து காணாமல் போன நாள்கள்

குடியுரிமைத் தேர்வுக்கு நான் படித்த 100 கேள்விகளில் 14-வது கேள்வி இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது. அரசின் ஒரு பிரிவு மட்டும் அளவுக்கு மீறி அதிகாரம் பெற்றுவிடாமல் தடுப்பது எது? நியூ ஜெர்சியிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டே போனில் அதைப் படித்துக்கொண்டிருப்பேன். விடை, அதிகாரப் பிரிவினை, ஒரு பிரிவு தவறினால் இன்னொன்று பிடித்து நிறுத்தும் ஏற்பாடு. தேர்வு நாளில் அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார், டக்கென்று சொன்னேன். அப்புறம் ஒரு நாள் பெரிய கூடத்தில், எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்தவர்களோடு நின்று வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தேன். அதில் எந்த அதிபருக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று ஒரு சொல்கூடக் கிடையாது, அரசியலமைப்புச் சட்டத்தைக் காப்பேன் என்றுதான் இருக்கிறது. மனசாரச் சொன்னேன். இன்றைக்கு யாராவது அந்த 14-வது கேள்வியைக் கேட்டால் எனக்கு உடனே பதில் வராது.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் டிரம்ப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இங்கே உள்ள வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே பேச்சு. எனக்கும் அவர் மேல் கோபம் உண்டு. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கிய வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு, 2025-இல் பதவியேற்ற அன்றே அவர் மன்னிப்புக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஆனால் அவரைவிட என்னை அதிகமாகப் பயமுறுத்துவது காங்கிரஸ். இங்கே காங்கிரஸ் என்றால் நாடாளுமன்றம், பிரதிநிதிகள் அவையும் செனட்டும் சேர்ந்தது. வரி போடுவது, அரசுப் பணத்தை ஒதுக்குவது, போர் அறிவிப்பது, இந்த மூன்று அதிகாரத்தையும் அரசியலமைப்புச் சட்டம் காங்கிரஸ் கையில்தான் கொடுத்திருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிபர்களிடம் தூக்கிக் கொடுத்தது காங்கிரஸ்தான். திரும்பக் கேட்கவும் இன்று அங்கே ஆள் இல்லை. எடுத்துக்கொண்டவரைவிடக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

அவசரநிலைச் சட்டத்தின் கதையைச் சொன்னால் நான் சொல்வது புரியும். 1970-களில் செனட் கமிட்டி ஒன்று பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது, 1933-இல் ரூஸ்வெல்ட் அறிவித்த அவசரநிலை நாற்பது வருடம் கழித்தும் சட்டப்படி உயிரோடு இருப்பது தெரிந்தது. யாரும் முடித்துவைக்கவே இல்லை. அதோடு இன்னும் மூன்று. அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலின் காயம் ஆறாத நேரம் அது, அதனால் 1976-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதிபர் அவசரநிலை அறிவிக்கலாம், ஆனால் இரண்டு அவைகளும் வாக்களித்து அதை முடித்துவைக்கலாம், அதிபர் கையெழுத்துத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த அவசரநிலை இன்னும் வேண்டுமா என்று இரண்டு அவைகளும் கூடிப் பார்க்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். நல்ல பூட்டு.

அந்தப் பூட்டு உடைந்ததற்குக் காரணமான வழக்கு ஒரு இந்திய வம்சாவளிக்காரருடையது. ஜகதீஷ் ராய் சதா, கென்யாவில் பிறந்தவர், மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தவர். விசா முடிந்தும் அவர் இங்கேயே இருக்கலாம் என்று குடிவரவு நீதிபதி அனுமதித்தார், பிரதிநிதிகள் அவை தனியாக வாக்களித்து அந்த அனுமதியை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1983-இல் 7-க்கு 2 என்று தீர்ப்பு வந்தது. அதிபரின் கையெழுத்துக்கு அனுப்பாமல் காங்கிரஸ் இப்படி நிர்வாகத்தின் முடிவை ரத்து செய்ய முடியாது என்றார்கள். சதாவுக்கு நியாயம் கிடைத்தது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதே தீர்ப்பில் கிட்டத்தட்ட 200 சட்டப் பிரிவுகள் அடிபட்டன. 1976 அவசரநிலைச் சட்டத்தின் பூட்டும் அதில் போனது. இப்போது ஒரு அதிபர் அறிவித்த அவசரநிலையை முடிக்க வேண்டுமென்றால் அந்த அதிபரே கையெழுத்துப் போட வேண்டும். அவர் வீட்டோ செய்தால், இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். தான் அறிவித்ததை முடிக்க எந்த அதிபர் கையெழுத்துப் போடுவார்?

2019-இல் இது கண்முன்னே நடந்தது. டிரம்ப் எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டார், அதற்காக 35 நாள் அரசாங்கமே முடங்கிக் கிடந்தது, கடைசியில் காங்கிரஸ் சுமார் 137 கோடி டாலர்தான் கொடுத்தது. உடனே பிப்ரவரி 15 அன்று அவசரநிலை என்று அறிவித்து, வேறு வேலைக்கு ஒதுக்கிய பணத்தைச் சுவருக்குத் திருப்பினார். இரண்டு அவைகளும் அதை எதிர்த்து வாக்களித்தன. செனட்டில் 59-க்கு 41, அவருடைய குடியரசுக் கட்சியிலேயே 12 பேர் எதிர்த்தார்கள். என்ன ஆச்சு? அவர் பதவிக்காலத்தின் முதல் வீட்டோ. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. பணத்தைத் தர மாட்டோம் என்று காங்கிரஸ் சொன்னது, சுவர் எழுந்தது.

சரி, சுவர் அமெரிக்காவின் உள்விவகாரம் என்று நினைப்பவர்களுக்காகத் திருப்பூரைச் சொல்கிறேன். 1977-இல் போட்ட பொருளாதார அவசரநிலைச் சட்டம் ஒன்று இருக்கிறது, எதிரி நாட்டுச் சொத்தை முடக்க, தடை விதிக்க என்று பல அதிபர்கள் பயன்படுத்தியது. இறக்குமதி வரி என்ற சொல்லே அதில் கிடையாது. 2025-இல் டிரம்ப் அதை வைத்தே உலகம் முழுக்க வரி போட்டார். இந்தியாவுக்கு முதலில் 25 சதவீதம், ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு இன்னொரு 25, ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50. என் சித்தப்பா மகன் திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கிறான். ஒரு கம்பெனி ஆர்டரை நிறுத்தி வைத்ததும் இவனிடம் வேலை பார்த்த டெய்லர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. "உங்க ஊர்ல இதுக்கு ஓட்டு போட்டாங்களா அண்ணா?" என்று கேட்டான். யாரும் போடவில்லை தம்பி. ஒரு விவாதம் இல்லை, ஒரு வாக்கெடுப்பு இல்லை, ஒரு கையெழுத்து மட்டும். கோர்ட்டுக்குப் போனார்கள், கீழ் நீதிமன்றங்கள் சட்டம் இதற்கு இடம் தரவில்லை என்று சொல்லவும் செய்தன. கோர்ட்டில் எப்போது என்ன தீர்ந்தாலும், வேலை போன அந்த டெய்லர்களுக்கு அந்த மாதத்துச் சம்பளம் திரும்பி வராது.

அந்த நேரத்தில் காங்கிரஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்று தேடிப் படித்தேன். படித்ததை முதலில் நம்பவே முடியவில்லை. அவசரநிலையை முடிக்கும் தீர்மானம் வந்தால் குறிப்பிட்ட நாள்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று 1976 சட்டம் சொல்கிறது. அதைத் தவிர்க்க, 2025 மார்ச் மாதம் பிரதிநிதிகள் அவை வேறொரு பட்ஜெட் மசோதாவுக்கான நடைமுறைத் தீர்மானத்துக்குள் ஒரு வரியைச் செருகியது. கனடா போன்ற நாடுகள் மீது வரி போட டிரம்ப் பிப்ரவரி 1 அன்று அறிவித்த அவசரநிலையைப் பொறுத்தவரை, அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை வரும் எந்த நாளும் நாட்காட்டி நாளாகக் கணக்கில் வராது. சூரியன் உதிக்கும், மறையும், ஆனால் அது நாள் இல்லை! ஏப்ரல் 2 அன்று செனட் கனடா மீதான அவசரநிலையை முடிக்க 51-க்கு 48 என்று வாக்களித்தது, குடியரசுக் கட்சியின் நான்கு பேர் துணிந்து கூட நின்றார்கள். அந்த ஆண்டு பிரதிநிதிகள் அவையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. வாக்களித்துத் தோற்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. என்ன நினைக்கிறீர்கள் என்று யாரும் தங்களைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக நாள்களையே அழித்தார்கள்.

ஏன் இப்படி? பயம். அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய மேடிசன் போன்றவர்கள் 1787-இல் போட்ட கணக்கு எளிமையானது. பதவியில் இருப்பவன் தன் பதவியின் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க மாட்டான், அதனால் காங்கிரஸ்காரர்கள் காங்கிரஸின் அதிகாரத்துக்காகத் தாங்களே சண்டை போடுவார்கள். உறுப்பினர்களுக்குத் தங்கள் அவையைவிடத் தங்கள் கட்சி பெரிதாகப் போகும் என்று அந்தக் கணக்கில் வரவில்லை. 2019-இல் வட கரோலினா செனட்டர் டாம் டில்லிஸ், சுவருக்கான அவசரநிலையை எதிர்த்து வாக்களிப்பேன் என்று பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். மூன்று வாரத்துக்குள், உட்கட்சித் தேர்தலில் எதிராக ஆள் நிறுத்துவார்கள் என்ற பேச்சு வந்ததும், ஆதரித்து வாக்களித்தார். 2021-இல் டிரம்ப் மீதான பதவிநீக்கக் குற்றத் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சியின் பத்து பிரதிநிதிகளில், அடுத்த தேர்தலுக்குப் பிறகு அவைக்குத் திரும்பி வந்தது இரண்டே பேர். மற்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

இதை ஒரு கட்சியின் தப்பாக மட்டும் நான் சொல்லவில்லை. 2011-இல் ஒபாமா லிபியா மீது குண்டு போட்டபோது, அனுமதி இல்லாமல் சண்டை நடத்த போர் அதிகாரச் சட்டம் வைத்த 60 நாள் கெடு தாண்டியும் காங்கிரஸிடம் அனுமதி வாங்கவில்லை, நடப்பது சட்டம் சொல்கிற மோதலே இல்லை என்று அவருடைய அரசு வாதாடியது. பைடன் மாணவர் கடனைத் தள்ளுபடி செய்கிறேன் என்றபோது என் மனைவியின் கடனும் அதில் குறையும் என்று வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். கோவிட் அவசரநிலையை வைத்து, போருக்குப் போகும் வீரர்களை மனதில் வைத்து 2003-இல் எழுதிய ஒரு சட்டத்தை நீட்டி, சுமார் 40,000 கோடி டாலர். 2023-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோது நீதிபதிகளைத் திட்டி இதே பக்கத்தில் எழுதினேன். இப்போது அதைத் திரும்பப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பிடித்த காரியம் என்பதால் அன்று வழியைப் பார்க்கவில்லை.

நீதிமன்றம் இருக்கிறதே என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கிறது, பல நீதிபதிகள் துணிச்சலாக நிற்கிறார்கள், அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதே உச்ச நீதிமன்றம்தான் 2024 ஜூலை 1 அன்று, அதிபர் தன் அடிப்படை அதிகாரங்களைப் பயன்படுத்திச் செய்தவற்றுக்காக அவர் மீது குற்ற வழக்கே போட முடியாது, மற்ற அதிகாரபூர்வச் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டென்று கருத வேண்டும் என்று 6-க்கு 3 தீர்ப்பளித்தது. நெருக்கடி நேரத்தில் நீதிமன்றம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு வரலாறும் இருக்கிறது. 1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட்டின் ஒரே ஆணையில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், மூன்றில் இரண்டு பங்குப் பேர் அமெரிக்கக் குடிமக்கள். 1944-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்காத மூன்று நீதிபதிகளில் ஒருவரான ராபர்ட் ஜாக்சன், இந்தத் தீர்ப்பு குண்டு நிரப்பிய துப்பாக்கி மாதிரி அங்கேயே கிடக்கும், அவசரம் என்று சொல்லிக்கொண்டு வரும் எவரும் அதை எடுக்கலாம் என்ற பொருளில் எழுதினார். மன்னிப்பும் நஷ்டஈடும் வர 1988 ஆனது. அதற்குள் எத்தனையோ பேர் செத்துப்போயிருந்தார்கள்.

இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் நம் ஆட்கள்தான், அன்பினால்தான். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையன், இங்கே முதுகலை படிக்க வந்தவன், போன பதிவுக்குப் போட்ட லைக்கை எடுத்துவிட்டு, மன்னிச்சிருங்க அண்ணா என்று தனியாக மெசேஜ் அனுப்பினான். அவன் மேல் எனக்கு வருத்தமே இல்லை. என்னிடம் இந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது, அவனிடம் இல்லை. அவன் எழுத முடியாததையும் சேர்த்து எழுத வேண்டிய இடத்தில் நான் இருக்கிறேன்.

அதனால் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு வாரம் ஒருமுறை போன் பண்ணுகிறேன். போன வாரம் எடுத்தது ஒரு இளம்பெண் குரல், ஜிப் கோடு கேட்டாள், சொன்னேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவசரநிலைகளைக் கூடிப் பார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, நாற்பதுக்கு மேல் நடப்பில் இருக்கின்றன, 1979-இல் ஈரானுக்காக கார்ட்டர் அறிவித்ததுகூட இன்னும் இருக்கிறது, இதில் எதையாவது பரிசீலிக்கச் சொல்லி உங்கள் உறுப்பினர் எழுந்து கேட்டிருக்கிறாரா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்படி ஒரு விதி இருக்கிறதா சார் என்று கேட்டாள். பிரிவு எண்ணைச் சொன்னேன், அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.