கயிற்றில் இறங்கி வருகிறவனைக் கொஞ்சம் ஒழுங்காக எழுதுங்கள்

தமிழில் காதல் தொடர்கதை எழுதுகிற தோழிகளுக்கும், ராத்திரி தூக்கத்தை விட்டுவிட்டு "யூடி எப்போ சிஸ்?" என்று அடுத்த அத்தியாயத்தைக் கேட்டுக் கமென்ட் போடுகிற என் போன்ற வாசகிகளுக்கும் இதை எழுதுகிறேன். நீளமான பதிவுதான். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

சமீப காலமாக நம் கதைகளில் ராணுவ நாயகர்கள் நிறைய வருகிறார்கள். அதிலும் வெள்ளத்திலும் மலையிலும் சிக்கியவர்களை ஹெலிகாப்டரில் போய்த் தூக்கி வருகிற மீட்புப் படைக்காரன் என்றால் எனக்கு மனசாரச் சந்தோஷம். கோடீஸ்வரத் தொழிலதிபர்களைப் படித்துப் படித்துப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் பத்து அத்தியாயம் போவதற்குள் விஷயம் தெரிந்துவிடுகிறது. அதே தொழிலதிபருக்குத்தான் கோட்டைக் கழற்றிவிட்டுச் சீருடை மாட்டியிருக்கிறார்கள். அதே முறைப்பு. அதே மாதிரி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறான். அவள் வேண்டாம் என்றால் காதில் வாங்குவதில்லை. மேலதிகாரி சொல்வதையும் கேட்பதில்லை, அதையும் கெத்து என்று எழுதுகிறார்கள்.

இதில் எனக்குக் கோபம் வரக் காரணம் உண்டு. படையில் இருக்கிற அத்தனை பேரிலும் காதல் கதைக்கென்றே அமைந்தவன் மீட்பு வீரன்தான். இன்னொருத்தர் உடம்பை நோகாமல் தொடுவது அவன் தொழில். பயத்தில் நடுங்குகிறவரிடம் அரை நிமிஷத்தில் நம்பிக்கையைச் சம்பாதித்தாக வேண்டும். "வருகிறேன்" என்று சைகை காட்டிவிட்டுப் போனால் திரும்பி வந்தாக வேண்டும். ஒரு பெண் ஒரு ஆணிடம் இதற்கு மேல் என்ன கேட்கப் போகிறாள்? இதையெல்லாம் விட்டுவிட்டு உடுப்பையும் ஆறடி உயரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி?

ஆங்கிலக் காதல் நாவல்களில் ராணுவ நாயகர்களுக்குத் தனி அலமாரியே உண்டு. அங்கே கடற்படைக் கமாண்டோக்கள்தான் அதிகம். அமெரிக்க விமானப்படையின் பாராரெஸ்க்யூ வீரர்களும் வருகிறார்கள், சுருக்கமாகப் பிஜே. விமானம் விழுந்து எதிரி மண்ணில் மாட்டிக்கொண்டவனைத் தேடிப் போய், அங்கேயே சிகிச்சை கொடுத்து, தூக்கி வருவது இவர்கள் வேலை. பாராசூட், முக்குளிப்பு, மலையேற்றம் எல்லாவற்றோடும் பாராமெடிக் படிப்பும் சேர்ந்து பயிற்சி ஏறக்குறைய 2 வருஷம். இந்தப் படைக்கு விதை விழுந்த இடம் நமக்கு ரொம்பத் தூரமில்லை. 1943 ஆகஸ்டில் அஸ்ஸாமிலிருந்து சீனா போன ராணுவ விமானம் ஒன்று பழுதாகி, இந்திய-பர்மா எல்லை நாகா மலைக்காட்டில் ஆட்கள் பாராசூட்டில் குதித்தார்கள். 20 பேர் பிழைத்தார்கள், சிலருக்கு நல்ல காயம். நடந்துபோய்ச் சேர வழியில்லாத இடம். டான் ஃபிளிக்கிங்கர் என்ற ராணுவ மருத்துவர் இரண்டு மருத்துவ உதவியாளர்களோடு அதே காட்டுக்குள் குதித்தார். காயம்பட்டவனிடம் டாக்டர் வானத்திலிருந்து வந்து சேர்ந்தார். ஆரம்பமே அப்படித்தான், துப்பாக்கியைவிட மருந்துப் பைக்குத்தான் அங்கே வேலை.

வில்லியம் பிட்சன்பார்கர் என்ற பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயது 21. 1966 ஏப்ரல் 11, வியட்நாம். சண்டைக்கு நடுவில் காயம்பட்டுக் கிடந்த தரைப்படை வீரர்களிடம் ஹெலிகாப்டரிலிருந்து கம்பியில் இறங்கினான். ஒன்பது பேரை மேலே அனுப்பினான். ஹெலிகாப்டர் மீது குண்டு பாய்ந்தபோது, அவன் கூடவே ஏறிப் போயிருக்கலாம். போகச் சொல்லிக் கையை அசைத்துவிட்டுக் கீழேயே நின்றான், மிச்சம் கிடந்தவர்களுக்காக. அன்றைக்கு அவன் உயிரோடு திரும்பவில்லை. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது 2000இல்தான் அவன் பெயருக்கு வந்தது. இந்த மாதிரி ஒருத்தனைக் காதலிக்கிற பெண்ணின் மனசு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவனுடைய எந்தக் குணத்துக்காக அவனை நேசித்தாளோ, அதுவே அவனைத் திரும்ப விடாமல் பண்ணும். ஒரு நாவலுக்குத் தேவையான அத்தனையும் இதற்குள் இருக்கிறது. கதாநாயகியைக் கடத்திப் போக வில்லன் எதற்கு?

சரி, நம் நாட்டுக்கு வருவோம். விமானப்படையில் கருட் கமாண்டோக்கள் 2004 முதல் இருக்கிறார்கள், போர்க்கள மீட்பும் அவர்கள் பொறுப்பு. கடற்படை ஹெலிகாப்டர்களில் டைவர்கள் இருக்கிறார்கள். 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில், ஆலுவா பக்கம் பனிக்குடம் உடைந்த கர்ப்பிணி ஒருவரை மாடியிலிருந்து தூக்கியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதில் பலரும் கவனிக்காதது, முதலில் ஒரு டாக்டரைக் கீழே இறக்கி, அந்தப் பெண்ணைத் தூக்கலாமா கூடாதா என்று பார்க்கச் சொன்னார்கள். அப்புறம்தான் பட்டை மாட்டினார்கள். அன்றைக்கே அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. 2022 பிப்ரவரியில் கேரளாவின் மலம்புழா குறும்பாச்சி மலை இடுக்கில் 40 மணி நேரத்துக்கு மேல் மாட்டிக்கொண்ட இளைஞனிடம் கயிற்றில் போய்ச் சேர்ந்த ராணுவ வீரர் உடனே தூக்கவில்லை. முதலில் தண்ணீர், சாப்பாடு. உடம்பு தெளிந்த பிறகுதான் கயிறு. மேலே வந்ததும் அந்தப் பையன் தன்னைத் தூக்கியவருக்கு முத்தம் கொடுத்தான்.

இந்தப் பொறுமையைத்தான் நான் கதைகளில் தேடுகிறேன்.

2023 டிசம்பர் எங்களுக்கு மறக்காது. திருநெல்வேலிச் சீமை என்று நாங்கள் சொல்வதில் தூத்துக்குடியும் அடக்கம், 1986இல்தான் அது தனி மாவட்டம் ஆனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரைபுரண்டு, கீழே குளங்களும் உடைந்து, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நின்றுபோய் ஏறக்குறைய 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியெல்லாம் அடித்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள். கடலோர ஊர்களிலிருந்து மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். (அவர்களை நாயகனாக வைத்தும் யாராவது எழுத வேண்டும். அது தனிப் பதிவு.) அப்புறம் ஹெலிகாப்டர்கள் வந்தன.

என் சித்தி ஏரலுக்குப் பக்கத்து ஊர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு மொட்டை மாடியில் இருந்தாள். சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஹெலிகாப்டர் தலைக்கு மேல் வந்ததும் பிள்ளைகள் எல்லாம் கையை ஆட்டிக்கொண்டு நடுமாடிக்கு ஓடிவிட்டார்கள். ஹெலிகாப்டர் வாசலில் ஒருத்தர், இடுப்பில் பட்டை, கால் வெளியே தொங்க உட்கார்ந்திருக்கிறார். பொட்டலம் கையில் இருக்கிறது, போடவில்லை. சித்தி சொன்னதை அவள் பேச்சிலேயே போடுகிறேன்: "ஒதுங்கு ஒதுங்குன்னு கையக் காட்டிக்கிட்டே இருந்தான்ட்டி. காத்து அடிக்கிற அடியில பக்கத்து வீட்டுத் தகரம் கிடந்து ஆடுது. அத வேற காட்டுதான், அங்கிட்டுப் போவாதீங்கன்னு. பிள்ளைய எல்லாம் செவத்தோரம் போய் நின்ன பொறவுதான் போட்டான். நல்லா வளத்திருக்கா அவன் ஆத்தா." அந்த முகத்தை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, தலைக்கவசம் மறைத்திருந்தது. எந்த ஊர்க்காரர், என்ன பாஷை, ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் வெளியே வந்து பார்க்கிறாள்.

இதைக் கேட்ட பிறகு, கயிற்றில் தொங்கிக்கொண்டே கதாநாயகியின் காதில் நாயகன் கவிதை சொல்வதைப் படிக்க எனக்கு முடியவில்லை. ஹெலிகாப்டருக்குக் கீழே பேச்சு கேட்காது தோழிகளே. எல்லாம் கைச்சைகைதான். இறக்கைக் காற்று கண்ணைத் திறக்க விடாது. மேலிருந்து வரும் கம்பியை எட்டிப் பிடிக்கவும் கூடாது. இறக்கை சுற்றச் சுற்ற ஹெலிகாப்டரில் மின்சாரம் சேரும், கொக்கி முதலில் தரையையோ தண்ணீரையோ தொட்டு அது இறங்க வேண்டும், இல்லையென்றால் ஷாக் அடிக்கும். அக்குளுக்குக் கீழே பட்டையை மாட்டிவிட்டால் கையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் நழுவிவிடும். பயந்தவர்கள் முதலில் செய்வதே கையைத் தூக்குவதுதான். அதனால் வீரன் அவள் கைகளை உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொள்வான், கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். ஒரு வார்த்தை பேசாமல் நடக்கிற இந்தக் காட்சியை நன்றாக எழுதத் தெரிந்தவர் எழுதினால் நாங்கள் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டோம்.

அவன் தனி ஆளும் இல்லை. மேலே விமானி காற்றில் அசையாமல் நிறுத்துகிறார். வாசலில் குப்புறப் படுத்து வின்ச்சை, அதாவது கம்பியை ஏற்றி இறக்கும் இயந்திரத்தை, இயக்குகிறவர் அங்குலம் அங்குலமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கயிற்றின் நுனியில் இருப்பவன் உயிர் அந்த இரண்டு பேர் கையில். மேலதிகாரியை மதிக்காத நாயகன் இந்த வேலைக்கு ஒரு நாள் தாங்க மாட்டான்.

வெள்ளத்தில் பிறக்கிற காதல் நமக்குப் புதுசும் இல்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் ஆற்று வெள்ளம் இழுத்துப் போகிற தலைவியைத் தலைவன் பாய்ந்து காப்பாற்றுகிறான். புனல்தரு புணர்ச்சி என்று இதற்கு இலக்கணத்தில் துறையே வைத்திருக்கிறார்கள். அங்கே கரையேற்றிய கையோடு காதலும் பேசிவிடுகிறான். அது அவளும் தோழியும் மட்டும் இருக்கிற மலைச்சாரல், அவனுக்கு வேறு வேலை இல்லை. இன்றைய மீட்பு வீரனுக்கு அடுத்த மாடியில் ஆள் காத்திருக்கிறது. காப்பாற்றப்பட்டவளுக்கு வருகிற நன்றியைக் காதல் என்று எடுத்துக்கொள்வது சரியும் இல்லை. உயிர் போய் வந்த பயத்தில் இருக்கிறவளிடம் யாரும் சம்மதம் கேட்கக் கூடாது. கயிற்றில் தொடங்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து, ஈரம் காய்ந்த பிறகு தொடங்கட்டும்.

அல்லது அவளை மாடியில் அழுதுகொண்டு நிற்க வைக்காதீர்கள். எனக்கு ஒரு ஆசை. அவள் கிராம சுகாதாரச் செவிலியர், ஊர் சொல்கிற நர்சம்மா. எந்தத் தெருவில் யாருக்கு எத்தனை மாசம், யாருக்குச் சர்க்கரை, எந்தத் தாத்தா வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போகிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கர்ப்பிணிகளின் பிக்மி எண் (அரசு கொடுக்கிற பதிவு எண்) எழுதிய நோட்டைத் துணிக்கடைக் கவரில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட மாடியில் நிற்கிறாள். இறங்கி வருகிறவனுக்குத் தமிழ் தெரியாது. அவன் கேட்பது ஒன்றே ஒன்று: முதலில் யார்? அவள் விரல் காட்டுகிற வரிசையில்தான் அவன் தூக்குகிறான். பஞ்சாயத்துப் பெரிய மனுஷன் என் மகளை முதலில் அனுப்பு என்று நடுவில் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து மறுக்கிறார்கள். கடைசி நடைக்கு அவன் அவளைக் கூப்பிடுகிறான். இன்னும் இரண்டு ஆச்சிகள் இருக்கிறார்கள் என்று அவள் வர மறுக்கிறாள். அந்த இடத்தில் அவன் மனசு சாய்ந்தால் நான் நம்புவேன்.

காப்பாற்ற முடியாமல் போனவர்களைப் பற்றியும் எழுதுங்கள். 2022 ஏப்ரலில் ஜார்கண்டின் தேவ்கரில் ரோப்கார் விபத்து நடந்தபோது, ஹெலிகாப்டர் வாசல்வரை வந்துவிட்ட ஒருவர் உள்ளே இழுப்பதற்குள் விழுந்து இறந்தார். ஊரெல்லாம் பார்த்த வீடியோ. கையை நீட்டி நின்றவர்கள் அதற்கு அப்புறம் வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிட்டிருப்பார்கள், எப்படித் தூங்கியிருப்பார்கள்? நம் கதைகளில் நாயகனுக்குத் தோளில் ஒரு தழும்பு இருக்கும், நாயகி அதைத் தடவிக் கொடுப்பாள், அத்தோடு சரி. உண்மையில் அவன் லீவுக்கு வந்த வீட்டில் ராத்திரி எழுந்து மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். கேட்டால் புழுக்கம் என்பான். எங்கள் ஊர்ப்பக்கம் தெருவுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் உண்டு. விஜயநாராயணத்தில் கடற்படைத் தளமே இருக்கிறது. கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்குகிற அவர்களையும், லீவு முடிய நாலு நாள் இருக்கும்போதே பேச்சு குறைந்துபோகிற அவர்கள் வீட்டு மதினிமார்களையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மதினி ஒருத்தியிடம் போய் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினால் போதும், நாலு அத்தியாயம் கிடைக்கும்.

"கதைதானே, கனவுதானே, இவ்வளவு பார்க்கணுமா?" என்று தோழி ஒருத்தி கேட்டாள். கனவு என்பதால்தான் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் முதல் என் வயதுக்காரிகள் வரை போனில் இதைத்தான் படிக்கிறோம். எப்படிப்பட்ட ஆணை ஆசைப்பட வேண்டும் என்று நாங்கள் யாரும் வீட்டில் பேசிக்கொண்டது கிடையாது. கதையில்தான் பேசிக்கொள்கிறோம். அங்கே முரட்டுத்தனத்தைக் காதல் என்று காட்டினால் அதுவே மனசில் தங்கிவிடும். பிள்ளைகள் ஒதுங்கும்வரை பொட்டலத்தைக் கையில் வைத்திருந்தவரை ஒரு பெண் ஆசைப்படட்டும். அவரும் பலசாலிதான், அவருக்கும் ஆறடி உயரம் கொடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

எழுதுகிறவர்கள் யாராவது இந்தச் சீமையில் கதையை வைக்க நினைத்தால் இன்பாக்ஸில் வாருங்கள். வெள்ளத்தன்று எந்த ரோடு முதலில் அறுந்தது, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து ஊருக்குள் வந்தது, ஆத்தூருக்கும் ஏரலுக்கும் பேச்சு எங்கே மாறுகிறது, எல்லாம் விசாரித்துச் சொல்கிறேன். சித்தியிடமும் போனில் பேச வைக்கிறேன், அவளுக்கு இதைச் சொல்லிச் சலிப்பதே இல்லை. நர்சம்மா கதையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், என் பெயர் போட வேண்டாம். முதல் யூடி போட்டதும் என்னை டேக் மட்டும் பண்ணிவிடுங்கள்.