பாலிசியில் அந்த விலக்கைப் பாருங்கள்

துறைமுகமும் மின்வாரியமும் சைபர் காப்பீடு (கணினித் தாக்குதல் இழப்புக்கான காப்பீடு) எடுத்துவிட்டால் நிம்மதி என்கிறது ஒரு கட்டுரை. அவ்வளவு சுலபமில்லை. 2017 ஜூனில் உக்ரைனில் கிளம்பிய நாட்பெட்யா என்ற கணினி நாசநிரல், மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தையே முடக்கியது. மும்பைக்கு அருகே ஜேஎன்பிடி (ஜவஹர்லால் நேரு) துறைமுகத்திலும் ஒரு முனையத்தில் வேலை நின்று கன்டெய்னர்கள் தேங்கின. அதே நாட்பெட்யாவில் அடிபட்ட மெர்க் மருந்து நிறுவனம் சுமார் 140 கோடி டாலர் இழப்பு என்றபோது, 'இது போர்ச் செயல், பாலிசியில் அதற்கு விலக்கு உண்டு' என்று காப்பீட்டாளர்கள் கைவிரித்தார்கள். 2023 மே மாதம் நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சரி, ஜெயித்தாயிற்று என்று இருக்க முடியுமா? அதற்குள் லண்டன் லாய்ட்ஸ் என்ற காப்பீட்டுச் சந்தை, ஒரு நாட்டின் இயக்கத்தையே குலைக்கும் அரசு ஆதரவுத் தாக்குதலைத் தனி சைபர் பாலிசிகளிலிருந்து விலக்கும்படி தன் காப்பீட்டாளர்களிடம் சொல்லிவிட்டது. மின்தொகுப்பு (கிரிட்) விழுந்தால் நாட்டின் இயக்கம் குலையத்தானே செய்யும்? தாக்குதலுக்குப் பின்னால் இருப்பது எந்த அரசு என்று யார், எப்படி நிரூபிப்பது என்பதை பிரீமியம் கட்டும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.