பிளான்ட்டிலிருந்து போர்டு ரூமுக்கு

உயர் நிர்வாகப் பதவிக்கு நல்ல ஆங்கிலம், எம்பிஏ, தொடர்புகள் மூன்றும் இருந்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. வடசென்னை மணலியில் 22 வருடம் தொழிற்சாலை பிளான்ட்டில் இருந்துவிட்டு இயக்குநரானவன் நான். ஆங்கிலத்தை எப்படியோ தண்டையார்பேட்டை பாணியில் சமாளித்துவிட்டேன். மாட்டிக்கொண்டது கணக்கில்.

முதல் போர்டு மீட்டிங்கில் உற்பத்தி எவ்வளவு ஏறியது என்று பெருமையாகச் சொன்னேன். நிதி அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: "சரி, அதில் காசாக எவ்வளவு வந்தது?" சரக்கு கேட்டைத் தாண்டினால் வேலை முடிந்தது என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் லாரி எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசையில் நின்று, துறைமுகம் போய், வாங்கியவர் 90 நாள் கழித்துப் பணம் தரும் வரை சம்பளம், மூலப்பொருள் எல்லாம் நம் பணத்தில்தான் ஓடும். லாபம் காட்டும் கம்பெனிகூட வங்கியில் பணமில்லாமல் திணறுவது இப்படித்தான். அப்புறம் ஆறு மாதம் ஞாயிறுதோறும் பழைய ஆண்டறிக்கைகளை எடுத்துவைத்துப் காசு உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் காட்டும் பணப்புழக்க அறிக்கையை மட்டும் படித்தேன். வீட்டில் திட்டுதான்.

கட்டுரையில் இல்லாத இன்னொன்று. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில், கம்பெனி என்றால் இயக்குநர்களில் ஒருவர்தான் 'ஆக்குபையர்', அதாவது தொழிற்சாலைக்குச் சட்டப்படி பொறுப்பாளி, என்று இருந்தது. விபத்து நடந்தால் மேலாளரோடு அவர் மீதும் வழக்கு வரலாம். அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் ஆக்குபையர் இயக்குநர்தான். எண்ணூர், மணலி பக்கம் இயக்குநராகப் போகிறவர்கள் விசிட்டிங் கார்டு அடிப்பதற்கு முன்னால் பாதுகாப்புத் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்டேன்.