'வோபிகான்' என்பது 'துயரமே, போய்விடு' அல்ல

'வோபிகான்' என்ற ஆங்கிலச் சொல், துயரத்தைக் குறிக்கும் 'வோ'வும் 'போய்விடு' என்று விரட்டும் 'பிகான்' என்ற ஏவலும் சேர்ந்தது, அதனால் கவலை தீர்ந்தவரைக் குறிக்கும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் பொருள் நேர் எதிர்: துயரத்தில் மூழ்கிய, பார்க்கவே பாவமாக இருக்கிற.

இதிலுள்ள 'பிகான்' அந்த ஏவல் அல்ல. சூழ்ந்துகொள்வது, வளைத்துக்கொள்வது என்ற பொருளில் ஒரு பழைய ஆங்கில வினை இருந்தது. அதன் எச்ச வடிவம் இது. முற்றுகையிடுவதைச் சொல்லும் 'பிசீஜ்' என்பதிலும் இதே 'பி' முன்னொட்டுதான். அந்த வினை வழக்கொழிந்துவிட்டது, இந்தக் கூட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. குழப்பத்துக்குக் காரணமும் அதுதான்.

சரிபார்ப்பது எளிது. மெரியம் வெப்ஸ்டர் அகராதியில் இச்சொல்லின் பிறப்புப் பகுதியைப் பாருங்கள். இன்னும் தெளிவாக வேண்டுமென்றால், 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 'மில்லரின் கதை'யைத் தேடுங்கள். அதில் அப்சலான் என்பவன் ஒரு பெண்ணின் பின்னாலேயே நாள்தோறும் அலைகிறான், 'ஹிம் இஸ் வோ பிகான்' என்கிறார் சாசர். துயரம் அவனைச் சூழ்ந்துவிட்டது என்று படித்தால்தான் அந்த வரி பொருந்துகிறது. கவலை போனவன் ஏன் அப்படி அலையப் போகிறான்?

இன்று இச்சொல் பெரும்பாலும் முகம், பார்வை, குரல் போன்றவற்றுக்கு அடையாக வருகிறது. வாழ்த்துச் செய்தியில் மட்டும் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.